நாமா, நாங்களா என்று நிரிசுவா கேட்டாள்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் மரியாதை. உட்கார்ந்து யோசித்து எடுத்ததில்லை. அன்ட்சிராபேயில் நான் பதினான்கு வருஷமாக வேலை பார்க்கும் பின்னலாடை ஆலையின் சாப்பாட்டுக்கூடத்தில், எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் நோட்டை எட்டிப் பார்த்ததில் கிடைத்தது. எட்டிப் பார்த்தது தப்புதான். ஆனால் அவள் முகம் சுளிக்கவில்லை. நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளி வைத்தாள்.

பக்கத்தின் நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு இடப்புறம் கொரிய மொழி, வலப்புறம் இந்த ஊர் மொழியான மலகாசி. பெரிய விஷயமெல்லாம் இல்லை. "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க", "குளிருதா?", "வழி விடுங்க", "அப்ப நான் வரட்டுமா?" என்று வீட்டிலும் தெருவிலும் நாள் முழுக்க வாயில் புரளும் வாக்கியங்கள். சில இடங்களில் வலப்புறம் காலியாக இருந்தது, சில இடங்களில் இடப்புறம்.

அவள் பெயர் நிரிசுவா. வயது முப்பத்தெட்டு. ஆலைக்குப் புதிதாக வந்த கொரிய மெஷின்களைப் பூட்ட கிதே என்றொரு கொரிய ஃபிட்டர் வந்திருந்தான். அவன் பேச்சை எங்கள் ஆட்களுக்கும் எங்கள் ஆட்களின் பேச்சை அவனுக்கும் மாற்றிச் சொல்ல வந்தவள் அவள். என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி இது:

"உங்க ஊர்ல ஒருத்தரைப் பார்த்தா மொதல்ல என்ன சார் கேப்பீங்க?"

"சாப்டீங்களான்னு கேப்போம்."

"இல்லைன்னு சொல்லிட்டா?"

"யாரும் சொல்ல மாட்டாங்க."

அவள் சிரித்துக்கொண்டே அதை நோட்டின் ஓரத்தில் எழுதினாள். கொரியாக்காரர்களும் அப்படித்தானாம். இப்படித்தான் பழக்கமானோம். பிறகு நடந்ததில் பாதியை நான் நேரில் பார்த்தேன். மீதியை அவள் சொன்னாள். எழுதப்போகிறேன் என்றதும் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: நடக்காததை எழுதினால் அது நடக்காதது என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

ஆகவே, தொடக்கம்:

"மலைநகரமான அன்ட்சிராபேயில் அன்று காலைக் காற்று…"

வேண்டாம். ஜூலை மாதம் இங்கே குளிர்காலம், காற்று பல்லைக் கிட்டிக்க வைக்கும். அதற்கும் கதைக்கும் சம்பந்தமில்லை.

"நிரிசுவாவுக்கு இரண்டு மொழிகள் தெரியும், இரண்டுக்கும் நடுவே அவள் ஒரு பாலமாக…"

இதையும் விட்டுவிடுகிறேன். முதலாவது, அவளுக்கு மூன்று மொழிகள் தெரியும். பிரெஞ்சை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டாவது, பாலம் நடுங்காது. இவள் நடுங்கினாள்.

நேராகவே போய்விடலாம்.

2

நிரிசுவா கொரிய மொழியைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. ஊருக்கு வெளியே ஒரு கொரிய டாக்டரம்மா ஆறு வருஷம் நடத்திய சிறு மருத்துவமனையில் உதவியாளாக இருந்து கற்றது. அதனால் அவள் கொரிய மொழி முழுக்க மருத்துவமனை வாடை அடிக்கும். யாரைப் பார்த்தாலும் முதலில் "எங்கே வலிக்குது?" என்றுதான் வரும். கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொல்லத் தெரியாது. வெறும் வயிற்றில் மாத்திரை போடாதே என்று ஐந்து விதமாகச் சொல்லத் தெரியும். டாக்டரம்மா ஊரோடு போனபோது கொடுத்துவிட்டுப் போன தடிமனான நோட்டில்தான் அவள் இந்த வாக்கியங்களைச் சேர்க்கத் தொடங்கினாள். ஏன் என்று கேட்டதற்கு, தெரிந்தது மறந்துபோகக் கூடாது என்றாள். அவ்வளவுதான் காரணம்.

கிதே வந்த முதல் வாரமே நோட்டுக்கு வேலை வந்துவிட்டது. ஆலை வாசலில் காலையில் நுழையும் பெண்களிடம் பிரியமாக ஏதாவது சொல்ல ஆசைப்பட்டு, "சாப்டீங்களா?" என்பதற்கு மலகாசியில் என்னவென்று அவளிடம் கேட்டான். வார்த்தைக்கு வார்த்தை கொடுத்துவிட்டாள். இங்கும் சோறுதான் சாப்பாடு, மூன்று வேளையும் சோறு. வாக்கியம் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தியதுதான் வினை. இங்கே யாரும் அப்படி விசாரிக்கும் வழக்கமில்லை. ஒருவன் வந்து கேட்டால் அவன் சாப்பாடு போடப்போகிறான் என்று அர்த்தம். தரம் பார்க்கும் பிரிவிலிருந்து நான்கு பெண்கள் "இன்னும் இல்லை" என்று உண்மையைச் சொல்லிவிட்டு, மத்தியானம் அவன் மேஜையைச் சுற்றி வந்து நின்றார்கள்.

கிதே நான்கு பேருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுத்தான். மறுநாள் மூன்று பேர் வரவில்லை. நான்காவது பெண் வந்தாள். அவள்தான் மியாலி.

(இதை நான் ஜோடிக்கவில்லை. ஜோடித்திருந்தால் இவ்வளவு சுலபமாக வைத்திருக்க மாட்டேன்.)

ஒன்றரை வருஷம் கழித்து, மியாலியைக் கட்டிக்கொள்கிறேன் என்று கிதே நின்றான். மியாலிக்கு அப்பா இல்லை. அம்மா பகுலி இரண்டு பசு வைத்துத் தயிர் விற்பவள். அப்பாவின் அண்ணன் ரவெலுதான் வீட்டுக்குப் பெரியவர். ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் மேடைப்பேச்சுக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: பையன் தனியாக வந்து கேட்டால் பெண் கிடைக்காது, அவன் வீட்டிலிருந்து பெரியவர்கள் வர வேண்டும். கிதேவுக்கு இருந்த பெரியவர் ஒரே ஒருவர். அவன் அம்மா.

3

மல்சுன் கொரியாவில் ஒரு கடலோர ஊரில் நெத்திலி காயவைத்து விற்பவர். அறுபத்தாறு வயது. வீட்டில் ஐந்தாவது பெண். மல்சுன் என்றால் கடைசிப்பெண் என்கிற மாதிரி; இதோடு நிற்கட்டும் என்று வைத்த பெயர். நம் ஊரில் போதும்பொண்ணு என்று வைப்பார்களே, அது.

இந்த இடத்தில் வாசகரிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வரைவில் நான் மல்சுனை விறைப்பான மாமியாராக எழுதியிருந்தேன். விமானத்திலிருந்து இறங்கும்போதே முகத்தைச் சுளித்தார், தயிர் வாசனைக்கு மூக்கைப் பொத்தினார், பெண்ணை மேலும் கீழும் பார்த்தார். மலகாசியில் மாற்றி வாசித்துக் காட்டினேன். நிரிசுவா கேட்டுவிட்டு, "இந்தம்மா யாரு சார்?" என்றாள். அந்த ஒன்றரைப் பக்கம் இப்போது இல்லை.

நடந்தது வேறு. ரவெலுவின் வீட்டுக்கு முதல்நாள் போனபோது, வாசலில் நின்ற பகுலி ஊர்முறைப்படி "என்ன சேதி?" என்றாள். அதற்கு ஒரே பதில்தான் உண்டு: "ஒண்ணுமில்லை." சொந்தக்காரர் செத்திருந்தாலும் முதலில் ஒண்ணுமில்லை என்று சொல்லிவிட்டு, பிறகுதான் சாவைச் சொல்ல வேண்டும். நிரிசுவா அதை நேராக மொழிபெயர்த்துவிட்டாள். மல்சுனுக்கு அது உண்மையான கேள்வியாகப் பட்டது. வாசலிலேயே நின்று சேதி சொன்னார். வலது முழங்காலில் நீர் கோத்தது, விமானம் ஏழு மணி நேரம் தாமதமானது, நடுவில் ஒரு விமான நிலையத்தில் செருப்பைக் கழற்றச் சொன்னது, பக்கத்து வீட்டுக்காரர் மரத்தின் கிளை இவர் கூரைமேல் விழுந்தது. நிரிசுவா ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். பகுலி கையைக் கட்டிக்கொண்டு, குளிரில், முழுவதையும் கேட்டாள். முடிந்ததும் கேட்டாள்:

"அந்தக் கிளையை வெட்டிட்டாங்களா இல்லையா?"

"இன்னும் வெட்டலை," என்றார் மல்சுன்.

"நீங்க ஊருக்குப் போறதுக்குள்ள வெட்டணும். சொல்லுங்க அவங்ககிட்ட."

பிறகு உள்ளே போய்ச் சாப்பிட்டார்கள். கடைசியில் பகுலி, பானையின் அடியில் பிடித்த சோற்றில் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்த பழுப்பு நீரைக் கொண்டுவந்தாள். இங்கே சாப்பாட்டுக்குப்பின் எல்லா வீட்டிலும் குடிப்பது. மல்சுன் ஒரு வாய் குடித்துவிட்டு மகனைப் பார்த்து, இதை எனக்காகச் சொல்லிச் செய்யவைத்தாயா என்று கேட்டார். அவர் ஊரிலும் அதேதான். இரண்டு அம்மாக்களும் எதில் வைத்தால் நன்றாக அடிப்பிடிக்கும், இரும்புப் பானையா அலுமினியமா என்று அரைமணி நேரம் பேசினார்கள். நிரிசுவா தன் வாழ்க்கையிலேயே சுலபமாக மொழிபெயர்த்த அரைமணி நேரம் அதுதான் என்கிறாள்.

ஆனால் ஒன்றைக் கவனித்தாள். அன்று முழுக்க மியாலியைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பானை, முழங்கால், மரக்கிளை எல்லாம் பேசினார்கள். ஒரு பெண் கடிகாரத்தில் ஆறு மணி நேரம் பின்னால் இருக்கும் ஊரிலிருந்து ஆறு மணி நேரம் முன்னால் இருக்கும் ஊருக்குப் போய்விடுவாளா என்பதை இருவருமே தொடவில்லை.

4

பெண் கேட்கும் சடங்கில் மாப்பிள்ளையும் பெண்ணும் வாய் திறக்கக் கூடாது. இரு பக்கமும் ஆளுக்கொரு பேச்சாளர் உண்டு. அவர்கள்தான் எழுந்து நின்று பேசுவார்கள், வாதாடுவார்கள், குத்திக் காட்டுவார்கள், கடைசியில் சமாதானமாவார்கள். பெண் பக்கம் ரவெலு. மாப்பிள்ளை பக்கத்துக்கும் ஒரு பேச்சாளரை வைத்துக்கொள்ளலாம், தொழிலாகவே செய்பவர்கள் இருக்கிறார்கள் என்று நிரிசுவா எடுத்துச் சொன்னாள். மல்சுன் கேட்கவில்லை. என் பிள்ளைக்குப் பெண் கேட்க முன்பின் தெரியாத ஆள் எதற்கு, எனக்கு வாய் இல்லையா என்றார். நீ பக்கத்தில் நின்று சொல், போதும்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் என்று நிரிசுவா பிறகு பலமுறை என்னிடம் சொன்னாள். நோட்டு முழுக்க "வழி விடுங்க", "குளிருதா" என்று இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்தைப் பேசி முடிக்க முடியுமா? ஆனால் மல்சுன் கேட்ட விதம் அப்படி. தன் முழங்காலில் போட்டிருந்த பட்டையைச் சரிசெய்துகொண்டே, அண்ணாந்து பார்க்காமல் கேட்டார். நோயாளிகள் அப்படிக் கேட்டால் நிரிசுவாவால் மறுக்க முடியாது.

சடங்குக்கு செம்மறியாட்டின் பின்பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது பழைய வழக்கம். இப்போதெல்லாம் அதற்குப் பதில் பணம் வைத்த ஓர் உறையைக் கொடுத்துவிடுகிறார்கள். மல்சுனுக்கு உறை பிடிக்கவில்லை. ஆடு என்று சொன்னால் ஆடுதான் என்று சந்தைக்குப் போய், வாலோடு வாங்கி, தானே கழுவித் துணியில் சுற்றி எடுத்துவந்தார். மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் ஆள் குறைவாக இருந்ததால் ஆலையிலிருந்து நான்கு பேரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நான் மூன்றாவது நாற்காலி.

5

சனிக்கிழமை காலை பத்து மணி. ரவெலு வீட்டுக் கூடத்தில் எதிரெதிரே இரண்டு வரிசை.

ரவெலு தோளில் துண்டைச் சரியாக மடித்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். இருபது நிமிஷம் பேசினார். பெரியவர்கள் இருக்கும்போது நான் எழுந்ததற்கு மன்னிக்க வேண்டும், என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் இருக்கும்போது வாய் திறந்ததற்கு மன்னிக்க வேண்டும், குரல் கட்டியிருப்பதற்கு, கூடம் சிறியதாக இருப்பதற்கு, குளிருக்கு, வெயிலுக்கு, முன்னோர்களில் யாருடைய பெயரையாவது முந்திப் பிந்திச் சொல்லிவிட்டால் அதற்கு. ஒவ்வொரு மன்னிப்புக்கும் ஓர் உவமை. பெண் வீட்டார் ரசித்துத் தலையாட்டினார்கள். உட்கார்ந்தார்.

எல்லோரும் நிரிசுவாவைப் பார்த்தார்கள். அவள் மல்சுனிடம் குனிந்து, "மன்னிக்கணும்னு சொல்றார்," என்றாள்.

"அவ்வளவு நேரமுமா?"

"நிறைய மன்னிக்கணுமாம்."

மல்சுன் எழுந்து, இடுப்பை வளைத்து வணங்கி, பரவாயில்லை என்றார். ஒரே வார்த்தை. பெண் வீட்டு வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரவெலுவுக்கும் மீசையில் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

அப்புறம் குத்தல் ஆரம்பித்தது. அதுவும் முறைதான். எங்கள் பெண்ணுக்குச் சமைக்கத் தெரியாது, எழுப்பினால் எழுந்திருக்க மாட்டாள், இப்படிப்பட்டவளை இவ்வளவு தூரத்திலிருந்து வந்து கேட்கிறீர்களே, உங்கள் ஊரில் பெண் பஞ்சமா என்றார். நிரிசுவா இதைக் கொஞ்சம் ஜலித்துக் கொடுத்தாள். மல்சுன் பதிலுக்கு, என் பிள்ளையும் காலுறையைக் கழற்றினால் கழற்றிய இடத்தில்தான் போடுவான், முப்பத்திரண்டு வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன் என்றார். அதை நிரிசுவா ஜலிக்காமல் கொடுத்தாள். கூடமே சிரித்தது. கிதே வாய் திறக்க முடியாமல் கூரையைப் பார்த்தான்.

இதோடு முடித்திருந்தால் இது ஒரு நகைச்சுவைக் கதை. எனக்கும் அப்படி முடிக்க ஆசைதான்.

ரவெலு மறுபடி எழுந்தார். இந்தமுறை உவமை இல்லை.

"எல்லாம் சரி. இந்தப் பொண்ணு உங்க வீட்டுக்கு வந்துட்டா, அவ உங்களுக்கு யாரு? அதை மட்டும் அந்தம்மா வாயால சொல்லட்டும்."

பகுலி தலையைக் குனிந்துகொண்டு, மடியிலிருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மல்சுன் எழுந்தார். இதற்கு அவர் தயாராகத்தான் வந்திருந்தார். ஆனால் அவர் சொன்னதைத் தமிழில் எழுத எனக்கு வழியில்லை. எழுதினால் அந்தக் கணமே நான் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவேன். ஆகவே ஒரே ஒரு சொல்லை அவர் மொழியிலேயே விட்டுவைக்கிறேன்:

"மியாலி இனிமே உரி பொண்ணு."

6

உரி. நம் காதுக்கு உரிமையின் முதல் பாதி மாதிரி கேட்கிறது. கொரிய மொழியில் நாம் என்பதற்கும் அதுதான், நாங்கள் என்பதற்கும் அதுதான். என் அம்மா என்று சொல்ல வேண்டிய இடத்தில்கூட அவர்கள் உரி அம்மா என்றுதான் சொல்வார்கள்.*

* பணிவாகச் சொல்ல வேறொரு சொல் உண்டாம். அதில் கேட்பவர் சேர மாட்டார். மல்சுன் அதைச் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லையா, வாயில் வந்ததைச் சொன்னாரா என்று நிரிசுவாவுக்கே தெரியாது.

மலகாசியில் அப்படித் தப்பிக்க முடியாது. அங்கே நம்மைப் போலத்தான். நாம் வேறு, நாங்கள் வேறு. ஆங்கிலத்தில் இந்தக் கதையை எழுதியிருந்தால் இந்த இடத்தில் யாரும் தடுக்கிக்கூட விழமாட்டார்கள். தமிழ் வாசகருக்கு நான் விளக்கவே வேண்டாம். பெண்ணைப் பெற்றவளைப் பார்த்து "இனிமே அவ எங்க பொண்ணு" என்று சொல்வதும், "இனிமே அவ நம்ம பொண்ணு" என்று சொல்வதும் ஒன்றா?

நிரிசுவா நின்றாள்.  அவள் மல்சுனிடம் மெதுவாக, அந்த வார்த்தைக்குள் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்டாள். யாரெல்லாம் என்றால் என்ன, உரி என்றால் உரிதான் என்றார் மல்சுன். நிரிசுவாவுக்குக் கைகொடுத்தது மருத்துவமனை மொழிதான். எங்கே என்று கையை வைத்துக் காட்டுங்கள் என்றாள். மல்சுன் குழம்பிப்போய் நெஞ்சில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துக் காற்றில் ஒரு வட்டம் போட்டார். அந்த வட்டம் இரண்டு வரிசைகளுக்கும் நடுவே, ஆட்டுக்கறி இருந்த மேஜைக்கு மேலே எங்கோ முடிந்தது.

"என்ன சொல்றாங்க?" என்றார் ரவெலு.

"நம்ம பொண்ணுங்கறாங்க," என்றாள் நிரிசுவா.

பகுலி தலையை நிமிர்த்தினாள். அன்று காலையில் முதல்முறையாக. பெண் வீட்டு வரிசையில் கைதட்டல் எழுந்தது. எல்லோரும் தட்டுவதால் மல்சுனும் தட்டினார். ரவெலு அந்தக் கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தார். நல்ல பேச்சாளருக்குக் கிடைத்த வார்த்தையை விட மனம் வராது. அப்படியானால் இரண்டு வீட்டுக்கும் பெண், ஒரேயடியாகத் தூக்கிக்கொண்டு போகிற பேச்சே இல்லை, முதல் இரண்டு வருஷம் மியாலியும் பையனும் இங்கேதான், அந்தம்மாவே ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்று முடித்தார். மறுபடி கைதட்டல்.

மல்சுன் சிரித்த முகத்தோடு நிரிசுவாவைப் பார்த்தார். "நல்லதாச் சொல்றாரா?"

என் இரண்டாவது வரைவில் நிரிசுவா இங்கே, ஆசீர்வாதம் பண்ணுகிறார் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு… இல்லை. அது நடக்காதது. எனக்கு அது வசதியாக இருந்தது, அவ்வளவுதான். கதை அங்கிருந்து நன்றாக ஓடியிருக்கும்: பொய் வளர்ந்து, விமான நிலையத்தில் வெடித்து. அவளிடம் சொன்னேன். "நான் ஆறு வருஷம் நோயாளிங்ககிட்ட டாக்டர் சொன்னதைச் சொன்னவ சார்," என்றாள். "மாத்திச் சொன்னா செத்துருவாங்க."

7

அவள் முதலில் ரவெலுவின் பக்கம் திரும்பினாள். குரல் நடுங்கியது, மூன்றாவது நாற்காலிவரை கேட்டது.

"பெரியப்பா, மன்னிக்கணும். அந்தம்மா சொன்ன வார்த்தைக்கு நம்ம பேச்சுல ரெண்டு அர்த்தம் இருக்கு. எங்க பொண்ணுன்னும் வரும், நம்ம பொண்ணுன்னும் வரும். நல்லதா இருந்ததை நானா எடுத்துக் கொடுத்துட்டேன்."

பிறகு மல்சுனிடம் அதையே கொரிய மொழியில் சொன்னாள். இரண்டு வருஷக் கணக்கையும் சொன்னாள்.

ரவெலு உட்கார்ந்துவிட்டார். பேச்சாளர் பேச்சுக்கு நடுவில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் பேச்சு முறிந்தது என்று அர்த்தம். பெண் வீட்டு வரிசையில் ஓர் அத்தை, நல்ல ஆளாக வைத்திருக்கலாம் என்று அப்போதே சொன்னேன் என்று முணுமுணுத்தாள். மியாலி கிதேவைப் பார்க்கவில்லை. கிதே எழுந்திருக்கப் போனான். மல்சுன் அவன் தோளில் கையை வைத்து அழுத்தி உட்காரவைத்தார்.

அந்த இரண்டு வார்த்தைகளுக்கும் என்ன வித்தியாசம் என்று மறுபடி சொல்லச் சொன்னார். நிரிசுவா வார்த்தையை விட்டுவிட்டாள். கையால் காட்டினாள். இரண்டு உள்ளங்கையையும் தன் நெஞ்சோடு இழுத்துக்கொண்டு, இது ஒன்று. கைகளை அகல விரித்து எதிர் வரிசையையும் சேர்த்துக்கொண்டு, இது ஒன்று.

மல்சுன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினார். ரவெலுவைப் பார்த்துப் பேசவில்லை. பகுலியைப் பார்த்து, விட்டுவிட்டு, நிரிசுவா சொல்லி முடிக்க நேரம் கொடுத்துப் பேசினார்.

"என்னைக் கட்டிக் கொடுத்த அன்னிக்கு என் மாமியாரும் எங்கம்மாகிட்ட இதே வார்த்தையைத்தான் சொன்னாங்க. இனிமே இவ உரி பொண்ணுன்னு. எங்கம்மா சந்தோஷமாத் தலையாட்டினாங்க.

"அதுக்கப்புறம் எங்கம்மா என்னைப் பார்க்க வந்தா, நாலு மணி நேரம் பஸ்ல வந்து, வாசல்ல நின்னு, உள்ள வரலாமான்னு கேப்பாங்க. ஒவ்வொரு தடவையும். கையில பலகாரப் பொட்டலத்தை வச்சுக்கிட்டு.

"என் மாமியார் சொன்னது ரெண்டுல எதுன்னு இப்பத்தான் தெரியுது."

நிரிசுவா சொல்லி முடித்தபோது பகுலி அழுதுகொண்டிருந்தாள் என்று எழுதலாம். அழவில்லை. முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, மல்சுனை இதற்குமுன் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மல்சுன் நிரிசுவாவின் கையைத் தொட்டார்.

"எங்கம்மா காதுல எது விழுந்திருக்கணுமோ, அதைச் சொல்லு."

"நம்ம பொண்ணு," என்றாள் நிரிசுவா.

இந்தமுறை யாரும் கைதட்டவில்லை. பகுலி பெஞ்சில் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். மல்சுன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் குறுக்கே நடந்து போய், பெண் வீட்டார் வரிசையில் உட்கார்ந்தார். எங்கள் வரிசையில் ஒரு நாற்காலி காலியானது. சடங்கில் அப்படி ஒரு விஷயம் நடந்து யாரும் பார்த்ததில்லை. ரவெலு எழுந்தார். கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் அவருக்கு.

"ரெண்டு வருஷம்னு நான் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கறேன். எங்க இருக்கணும்னு இந்த ரெண்டு அம்மாவும் பேசி முடிக்கட்டும். நடுவுல பேச எனக்கு வேலையில்லை."

மத்தியானம் ஆட்டுக்கறி நன்றாக வெந்திருந்தது.

8

இங்கே நிறுத்தியிருக்கலாம். நிரிசுவாவும் இங்கேயே நிறுத்தச் சொன்னாள். ஆனால் அம்மாக்கள் பேசி முடிக்கவேண்டியது பாக்கி இருக்கிறதே.

கல்யாணம் முடிந்து பத்து நாள் கழித்து மல்சுன் ஊருக்குக் கிளம்பினார். தலைநகரத்துக்குப் போகும் வேன் கிளம்புவதற்காக எல்லோரும் நிலையத்தில் காத்திருந்தார்கள். கிதேவும் மியாலியும் பெட்டியை வேன் கூரையில் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழியில் முழங்கால் வலித்தால் என்ன செய்வது என்று, நிரிசுவா ஒட்டுப் பட்டை வாங்க எதிர்க்கடைக்குப் போனாள். பத்து நிமிஷம். திரும்பி வந்தபோது இரண்டு அம்மாக்களும் பெஞ்சில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு மொழியில், ஒரே நேரத்தில், பலமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். விரலால் எண்ணினார்கள். வானத்தைக் காட்டினார்கள். தலையாட்டினார்கள். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. நிரிசுவா பக்கத்தில் போனதும், வேண்டாம், முடிந்துவிட்டது என்று இருவரும் கையைக் காட்டினார்கள்.

விமான நிலையம்வரை நிரிசுவா கூடப் போனாள். மல்சுன் உள்ளே போகுமுன் சொன்னார்: "பேசி முடிச்சாச்சு. வசந்தம் வந்ததும் ரெண்டு பேரையும் என்கிட்ட அனுப்பறேன்னுட்டாங்க. என்ன தங்கமான மனுஷி."

மறுநாள் நிரிசுவா அன்ட்சிராபே திரும்பியதும் பகுலி சொன்னாள்: "பேசி முடிச்சாச்சு. நெத்திலி சீசன் முடிஞ்சதும் கடையை மூடிட்டு இங்கயே வந்துடறேன்னுட்டாங்க. என்ன தங்கமான மனுஷி."

நிரிசுவா மூன்று நாள் கழித்து என்னிடம் வந்தாள். நான் என் கதைத் தொழிலைக் காட்டினேன். மூன்று முடிவுகள் சொன்னேன்.

ஒன்று: மல்சுன் கடையை மூடிவிட்டு வந்துவிடுகிறார், பசுவுக்குத் தண்ணீர் காட்டுகிறார். ("அவங்க கடல் இல்லாம தூங்க மாட்டாங்க சார்.")

இரண்டு: மியாலியும் கிதேவும் கொரியா போய், வருஷம் ஒருமுறை வருகிறார்கள். ("வருஷம் ஒருமுறைன்னு பகுலியக்காகிட்ட நீங்க போய்ச் சொல்லுங்க.")

மூன்று: எல்லோரும் நடுவில் ஒரு தீவில்… ("போதும் சார்.")

மியாலியிடமும் கிதேவிடமும் போய்ச் சொன்னாள். புதுசாகக் கல்யாணமானவர்கள். எங்கே இருந்தாலும் சரி என்கிற மயக்கத்தில் இருக்கிறார்கள். அம்மாக்கள் பேசி முடித்ததை நாங்கள் கலைக்க முடியாது, நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் அக்கா என்று அவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

இதற்கிடையில் மல்சுன் மாடி அறைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து முடித்துவிட்டார். பகுலி கூடத்தை ஒட்டிய அறையைக் காலிசெய்து புதுப் பலகை போட்டு, முழங்காலுக்குத் தோதாகக் கட்டிலின் காலை அறுத்து உயரம் குறைத்திருக்கிறாள். நிரிசுவா இரண்டையும் பார்த்தாள், ஒன்றை ஃபோனில், ஒன்றை நேரில். இரண்டு அறையுமே அழகாக இருக்கின்றன என்றாள். இரண்டு பேரும் அவரவர் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்பதும் தெரிகிறது.

நான் இதை எழுதுவது சனிக்கிழமை. நாளை ஞாயிறு, சர்ச் முடிந்து பதினொரு மணிக்கு, இரண்டு அம்மாக்களும் ஃபோனில் முகம் பார்த்துப் பேச ஏற்பாடு. ஆளுக்கொரு அறையைக் காட்டிக்கொள்ளப் போகிறார்கள். மாற்றிச் சொல்ல நிரிசுவா வர வேண்டும் என்று இருவருமே சொல்லியனுப்பியிருக்கிறார்கள். துணைக்கு என்னையும் வரச் சொன்னாள். ஆலைச் சாயப் பட்டறையில் எனக்கு வேலை இருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆலை கிடையாது என்பது அவளுக்கும் தெரியும்.

இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. எழுதினால் அது நடக்காததாகிவிடும். நிபந்தனைப்படி அதை அங்கேயே சொல்லவும் வேண்டும். உங்களுக்கு அப்படி ஒரு கட்டு இல்லை. பகுலி வீட்டுக் கூடத்தில் ஃபோனுக்கு எதிரே எனக்கென்று போட்டுவைத்த நாற்காலி இருக்கும், நிரிசுவாவுக்குப் பக்கத்திலேயே. போய் உட்காருங்கள். பகுலி ஒரு கிண்ணம் தயிர் கொண்டுவந்து வைப்பாள், வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் மல்சுன் பேசுவார், மஞ்சள் சுவரைக் காட்டி, மியாலியின் பெயரைச் சொல்லி. பிறகு பகுலி பேசுவாள், கட்டிலைத் தட்டிக் காட்டி. நிரிசுவா வாயைத் திறந்துவிட்டு உங்களைப் பார்ப்பாள். அதைக் கண்டு இரண்டு அம்மாக்களும் உங்கள் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார்கள் என்று கேட்பார்கள்.

சொல்லுங்கள்.